பெட்டியைத் திறந்த மாப்பிள்ளை

கொக்குமந்தைக்காரர்களை மக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்கள் சொன்ன சொல் கேட்கிறவர்கள், அவ்வளவுதான். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவர் எப்படிச் செய்கிறாரோ, இளையவரும் அப்படியே செய்யவேண்டும். வீட்டுக்குப் பெரியவர் தும்மினால் மற்ற எல்லோரும் தும்மிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள்.

அந்த ஊர்ச் சடையாண்டிக்கு மூன்று தாய்மாமன்கள். பெரியமாமன் தவசி, நடுமாமன் மொக்கையன், சின்னமாமன் ஒச்சப்பன். போன ஐப்பசியில் தவசியின் வலது காலில் கருவேல முள் ஏறியது. அன்றிலிருந்து மூன்று பேரும் வலது காலை நொண்டித்தான் நடந்தார்கள். முள்ளை எடுத்து ஆறு மாதம் ஆகிவிட்டது. ஆனால் தம்பிகள் இரண்டு பேரும் நொண்டுவதைப் பார்த்து, இன்னும் சரியாகவில்லை போலிருக்கிறது என்று தவசியும் நொண்டிக்கொண்டே இருந்தார்.

சடையாண்டிக்குக் கருமலை மந்திரவாதி மாயாண்டியின் மகள் அழகுநாச்சி மேல் ஆசை வந்து தொலைத்தது. சந்தையில் அவள் புளி வாங்கும்போது முதலில் பார்த்தான். அதற்கப்புறம் சந்தைக்குப் போகும்போதெல்லாம் புளிக்கடையில்தான் நின்றான். வீட்டில் ஏழு பானை புளி சேர்ந்துவிட்டது. அவளுக்கும் இவன்மேல் பிரியம் இருந்தது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கே இன்னும் விளங்கவில்லை.

மாமன்கள் பெண் கேட்டுப் போனார்கள். மாயாண்டி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு மரப்பெட்டியை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். மந்திரித்த பெட்டி. மூடியில் வரிசையாக மூன்று பித்தளைச் சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் யானை, மீன், மயில், குதிரை, கிளி என்று விதவிதமான படங்கள். வண்டிக்காரன் செய்தியை ஒப்பித்தான்:

"உள்ள தாலி இருக்கு. மூணாம் நாள் உச்சிப்பொழுதுக்குள்ள யாரு திறக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் பொண்ணு. உடைக்கக் கூடாது. திறக்காட்டி, கருமலையிலயே வேற மாப்பிள்ளை தயாரா இருக்காரு."

சடையாண்டி கிட்டே வந்து குனிந்தான். பயந்துகொண்டே பெட்டியைத் தொட்டான். பெட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு பேசியது.

"யானையும் மீனும் மயிலும் ஒரே வரிசையில நின்னா நான் திறப்பேன்."

மூன்று மாமன்களும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். பேசுகிறது என்றால் அது விருந்தாளி. விருந்தாளியைப் பசியோடு வைத்துக்கொண்டு காரியம் பேசலாமா? சோறு போட வாயைத் தேடினார்கள். ஒவ்வொரு சக்கரத்தைச் சுற்றியும் மெல்லிய இடுக்கு தெரிந்தது. சோறு போகாது என்பதால், அரை வீசை வெல்லத்தை இளக்கி, மூன்று இடுக்கிலும் வழித்து அப்பினார்கள். அதற்குப் பிறகு பெட்டி அதே வாக்கியத்தைச் சொன்னபோது குரல் கொழகொழவென்று வந்தது. வயிறு நிறைந்துவிட்டது என்று ஒச்சப்பன் சந்தோஷப்பட்டார்.

மூடியில் இருந்த படங்களை அவர்கள் பார்க்காமல் இல்லை. நன்றாகச் செதுக்கியிருக்கிறான் என்று பாராட்டிவிட்டு, யானை பிடிக்கக் கிளம்பினார்கள்.

யானை சுலபமாகக் கிடைத்தது. பக்கத்து ஊர்க் கோயிலில் கொம்பன் என்று ஒரு யானை இருந்தது. கல்யாணச் சாப்பாடு உண்டு என்றதும் பாகன் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். மயிலுக்காக மொக்கையன் இரண்டு நாள் முள்காட்டில் கிடந்து, முகமெல்லாம் கீறலோடு ஒன்றைக் கொண்டுவந்தார். கண்மாயில் இறங்கி ஒரு கெண்டையைப் பிடித்துப் பானையில் விட்டான் சடையாண்டி.

மூன்றாம் நாள் காலையில் மாயாண்டி மகளோடு வந்து இறங்கினார். பெட்டி திறக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அழகுநாச்சி பெட்டியைப் பார்த்தாள். வாசலில் நின்ற யானையைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

யானையை நிறுத்தியாயிற்று. அதன் பின்னால் மயிலையும் கட்டியாயிற்று. மீனில்தான் சிக்கல் வந்தது.

"மீன் நிக்குமா?" என்று கேட்டார் மொக்கையன்.

தவசி பானைக்குள் குனிந்து பார்த்தார். "நிக்காது. அதுக்குக் கால் இல்ல."

"அப்ப உக்காந்திருக்கா?"

"உக்காரவும் கால் மடங்கணுமில்ல?"

கடைசியில் ஒச்சப்பன்தான் வழி கண்டுபிடித்தார். சடையாண்டி நின்றுகொண்டு மீனைக் கையில் பிடித்தால், மீனும் நின்ற மாதிரிதானே என்றார். அப்படியே செய்தார்கள். மீன் வழுக்கி விழுந்தது. எடுத்தான். மறுபடியும் விழுந்தது. பெட்டி அசையவில்லை. உச்சி ஏறிக்கொண்டிருந்தது. சடையாண்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழகுநாச்சியைப் பார்க்கவே அவனுக்குத் தைரியம் இல்லை.

இதற்குள் கொம்பனுக்கு வெல்ல வாசனை போய்விட்டது. மூன்று நாள் வெயிலில் ஊறிய வெல்லம். அது வரிசையை விட்டு ஆடி ஆடி வந்து, தும்பிக்கையைப் பெட்டிமேல் வைத்து இடுக்கு இடுக்காகத் துழாவியது. முதல் சக்கரம் சுற்றியது. இரண்டாவது சுற்றியது. மூன்றாவது சுற்றி நின்றபோது, மூடியில் யானையும் மீனும் மயிலும் ஒரே வரிசையில் வந்து நின்றன. டக்கென்று மூடி திறந்தது. உள்ளே மஞ்சள் கயிற்றில் தாலி.

சடையாண்டி மீனைப் பானையில் போட்டுவிட்டுக் குதித்தான். மாமன்கள் குதிக்கவில்லை.

"மாப்ள, கொஞ்சம் பொறு" என்றார் தவசி. அவர் கண் கலங்கியிருந்தது. "யாரு திறக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் பொண்ணுன்னு சொன்னாங்க. திறந்தது கொம்பன்."

மாமன்கள் நேர்மையானவர்கள். அக்கா மகன் என்பதற்காக ஒரு யானைக்கு அநியாயம் செய்ய அவர்களுக்கு மனசு வரவில்லை. பாகன் உடனே சம்பந்தி இடத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து, வெற்றிலை கேட்டான். சடையாண்டி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். மாயாண்டி தலையில் கைவைத்தார். எத்தனையோ பேய்களை ஓட்டியவர் அவர், இதற்கு என்ன மந்திரம் என்று தெரியவில்லை.

பெட்டி திறந்துவிட்டதால் அழகுநாச்சிக்கு இப்போது பேச வாய் இருந்தது.

"பெரியவரே, அவரு விட்டுக்கொடுக்கிறாரான்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க" என்றாள். சொல்லிக்கொண்டே ஒரு வெல்லக்கட்டியை எடுத்து யானைக்கு முன்னால் மேலும் கீழும் ஆட்டினாள்.

தவசி கைகட்டி நின்று மரியாதையாகக் கேட்டார். கொம்பனின் தலை வெல்லத்தோடு மேலும் கீழும் ஆடியது. பெருந்தன்மை என்றால் இதுதான் என்று மொக்கையன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் முதலில் உரிமைப்பட்டவர் கொம்பன் அல்லவா? ஆகவே அவர்தான் மூத்த மாப்பிள்ளை, சடையாண்டி இளைய மாப்பிள்ளை என்று முடிவானது. மூத்தவர் செய்கிறபடியே நானும் செய்வேன் என்று சடையாண்டி சத்தியம் செய்யவேண்டும் என்றார்கள். அந்த நேரத்தில் அவன் எதற்கு வேண்டுமானாலும் சத்தியம் செய்திருப்பான். செய்தான். தாலியும் கட்டினான். பாகன் மூன்று முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தான்.

ஆறு மாதம் நிம்மதியாகப் போனது. சடையாண்டி வாழைத்தண்டு நிறையத் தின்றான், தண்ணீரை மூக்கால் உறிஞ்சப் பார்த்துப் புரையேறி இருமினான், மற்றபடி குறையில்லை. அழகுநாச்சி சிரித்துச் சிரித்துக் கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

தலைதீபாவளி வந்தது. கருமலைக்குப் போனார்கள். மூன்று மாமன்களும் மூத்த மாப்பிள்ளையை முன்னால் விட்டு, பின்னால் நொண்டிக்கொண்டு வந்தார்கள். மாயாண்டி சடையாண்டிக்கு மட்டும் வேட்டி எடுத்திருந்தார். மூத்தவருக்கு எங்கே என்று மாமன்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பாவம், மனிதர் ஓடிப்போய் நாலு ஊர் நெசவாளிகளிடம் கேட்டு, நாற்பது முழத்தில் சரிகைக்கரை வேட்டி வாங்கிவந்தார்.

தாம்பாளத்தில் வைத்து நீட்டினார்கள். கொம்பன் முகர்ந்து பார்த்தார். தும்பிக்கையால் தூக்கினார். வாயில் போட்டு, மென்று, விழுங்கினார்.

எல்லோரும் சடையாண்டியைப் பார்த்தார்கள். சடையாண்டி தன் மடியில் இருந்த புது எட்டு முழ வேட்டியைப் பார்த்தான்.

"மாமா, கரையை மட்டும் விட்டுரலாமா?"

தவசி யானையின் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "மூத்தவர் விடல, மாப்ள."

சடையாண்டி சம்மணம் போட்டு உட்கார்ந்தான். வேட்டியின் ஒரு முனையைச் சுருட்டி வாயில் வைத்தான். கொஞ்சம் மென்று பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிக் கூப்பிட்டான்.

"நாச்சி, தொட்டுக்க ஊறுகாய் இருக்கா?"