அடி கலக்கிய கரண்டி

மடத்து அடுப்படியில் பதினோரு வருஷம் வெந்தவன் விருத்தகிரி. இருநூறு பேருக்கு உலை வைப்பான், அண்டா கழுவுவான். அவன் உண்டு, அடுப்பு உண்டு. தலைமைச் சமையல்காரர் வயசாகிச் சொந்த ஊருக்கே திரும்பிப் போனார். அந்த இடத்தைக் குரு, மாசிலாமணிக்குக் கொடுத்துவிட்டார். மாசிலாமணி வந்து மூணே வருஷம். குருவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பான், ஊர்க்கதை சொல்லிச் சிரிக்க வைப்பான்.

விருத்தகிரிக்கு மனசு ஆறவில்லை. நேரே குருவிடம் போய் நின்றான்.

"சாமி, ஒண்ணு தெரியணும். தெரிஞ்சாத்தான் இங்க இருப்பேன். ஒருத்தன் மேல வர்றது உழைப்பாலயா, வேண்டப்பட்டவன்கிறதாலயா?"

குரு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னைக்குப் பந்தியில பாயசம் நீ ஊத்து. ஆளுக்கு ஒரு கரண்டி. கூட்டாதே, குறைக்காதே."

இதென்ன பதில் என்று முனகிக்கொண்டே வாளியைத் தூக்கினான். பாசிப்பருப்புப் பாயசம். வரிசையாக ஊற்றிக்கொண்டே போனான். பூக்கட்டும் சடையாண்டி இலையிலிருந்து நிமிர்ந்தான்.

"அண்ணே, ஆத்துத் தண்ணியா ஓடுதே! பருப்பெல்லாம் யாருக்கு வச்சிருக்கீங்க?"

விருத்தகிரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பந்தி எழுந்ததும் குரு கேட்டார். "ஆளுக்கு ஒரு கரண்டிதானே?"

"சத்தியமா, சாமி."

"சடையாண்டி இலையில பருப்பு குவிஞ்சு கிடந்துச்சே?"

விருத்தகிரி தலையைச் சொறிந்தான். "அவனுக்குக் கொஞ்சம் அடி கலக்கி ஊத்திட்டேன்."

"ஏன்?"

"சிரிச்ச மூஞ்சியா ஒரு வார்த்தை கேட்டான். கை தானா அடிக்குப் போயிருச்சு."

"அவனுக்கு அடுத்த இலை யாரு?"

யோசித்துப் பார்த்தான். இலையோரம் இருந்த ஒரு கை மட்டும்தான் ஞாபகம் வந்தது. "சத்தமில்லாம சாப்பிட்டுப் போயிட்டாரு. முகத்தைப் பார்க்கலை, சாமி."

"விடியக்காலையில இருந்து உன் அடுப்படிக்குத் தண்ணி இறைச்சவர்."

விருத்தகிரி சட்டென்று நிமிர்ந்தான். "அப்போ மாசிலாமணிக்கு நீங்க செஞ்சதும் இதுதானா?"

குரு தரையைப் பார்த்தார்.

"இதேதான்" என்றார். "உட்காரு. பதினோரு வருஷமா நீ ஆக்கின சோத்தைத் தின்னுருக்கேன். உன் குரலை இன்னைக்குத்தான்ப்பா கேட்கிறேன்."