வள்ளத்துக்கு வாங்கின எண்ணெய்

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் கஸ்பார் சம்மாட்டியின் வள்ளம் கரையேறும். அதில் தொழில் பார்க்கிறவர்கள் வீட்டு அடுப்பில் பூனை தூங்கும். அந்த வருஷம் தொம்மை துணிந்து கேட்டுவிட்டான்: "கடல் திறக்குற வரைக்கும் கொஞ்சம் அரிசி குடுங்க சம்மாட்டி."

"கடலுக்குப் போறவனுக்குத்தான் சோறு. கரையில கெடக்குறவனுக்கு எதுக்குடா?" என்றார் அவர். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. "போய் வள்ளத்துக்கு மீன் எண்ணெய் பூசு. இல்லேன்னா வெயில்ல காஞ்சு வெடிச்சிரும். அப்புறம் கடலுக்கு ஆகாது."

"சரி சம்மாட்டி" என்ற தொம்மை சட்டையைக் கழற்றினான். டின்னுக்குள் கையை விட்டு, அள்ளி அள்ளித் தன் விலா எலும்புகளில் பூசிக்கொண்டான்.

"அடேய் கிறுக்குப் பயலே! அது வள்ளத்துக்கு வாங்கின எண்ணெய்டா!"

"நானும் கரையிலதான கெடக்குறேன் சம்மாட்டி? காஞ்சு வெடிச்சிட்டா நானும் கடலுக்கு ஆக மாட்டேனே."

கரையே சிரித்தது. மற்றவர்களும் சட்டையைக் கழற்றிக்கொண்டு டின்னைச் சுற்றி நின்றார்கள். சம்மாட்டி எண்ணெயைப் பார்த்தார், வள்ளத்தைப் பார்த்தார், பல்லைக் கடித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு படி அரிசி கொடுக்கச் சொன்னார்.

ஒரு படி எத்தனை நாளைக்கு வரும்? தொம்மையின் பெண்டாட்டி சிலுவம்மா அரிசியைக் கையால் அளைந்தபடி, "இது தீர்ந்ததும்?" என்று கேட்டாள்.

"இந்த வித்தை ரெண்டாந்தடவை பலிக்காது" என்றான் தொம்மை.

அவன் உடம்பிலிருந்து கிளம்பிய மீன் வாடை வீடெங்கும் பரவியது. இன்றைக்கு மீன் குழம்பு என்று நினைத்துப் பிள்ளைகள் வட்டிலோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.