வெளுத்த ப்ளக்

"நம்ம ஷெட்டுல சாப்பிட்டு, நம்மகிட்டயே திருடிட்டுப் போனவன். அவனை ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா மேடம்?"

பவுலின் குனிந்து, தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் இருந்த தாரில் உள்ளங்கையை வைத்து எடுத்தாள். கை லேசாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"பின் டயர்ல அரை பவுண்டு காத்து எறக்குங்க சார்," என்றாள்.

கேள்வி கேட்ட நஞ்சுண்டன் அசையவில்லை.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. பொறியியல் கல்லூரியில் இருபத்திரண்டு வருடம் வெப்பவியல் நடத்தியவர். அதை விட்டுவிட்டு, கோவை கணபதியில் ஒரு தகர ஷெட்டில் டிராக் ரேஸ் கார்களை டியூன் செய்யும் பவுலினிடம் வேலை கற்றுக்கொள்ள வந்து மூன்று வருடம் ஆகிறது. பவுலினுக்கு முப்பத்தேழு. எந்தக் கல்லூரிக்கும் போகாதவள்.

டிராக் ரேஸ் என்றால் நேர்கோடு. நானூறு மீட்டர். இரண்டு கார்கள். ஒன்பது நொடி.

அந்த ஒன்பது நொடிக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். வெயில் ஏறினால் காற்று மெலியும், எஞ்சினுக்கு மூச்சு குறையும். தார் சூடானால் டயர் வழுக்கும். கிளட்ச் சட்டென்று பிடித்தால் சக்கரம் சுற்றும், கார் நகராது. மெதுவாகப் பிடித்தால் பக்கத்துக் கார் போய்விடும். ஒன்றைத் தொட்டால் மற்ற எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல், எந்தக் கணத்தில் தீப்பொறி என்று எஞ்சினுக்குச் சொல்லும் எண்களின் அட்டவணை ஒன்று உண்டு. மேப் என்பார்கள். பவுலின் தன் காருக்கான மேப்பை எண் எண்ணாக மாற்றி மாற்றி எழுத ஆறு வருடம் ஆனது.

இளம்பரிதி அதை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான்கு வருடம் அவளிடம் வேலை கற்றவன். இப்போது சென்னியப்பன் என்கிற மில் முதலாளியின் காருக்கு அவன்தான் டியூனர். தாராபுரம் சாலையில் கைவிடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்றில் அன்று பந்தயம். இரண்டு சுற்று முடிந்திருந்தது. இரண்டிலும் அந்தக் கார் ஜெயித்திருந்தது.

"புகார் குடுங்க மேடம். நான் சாட்சி சொல்றேன்."

"காத்து எறக்குங்க சார்."

"உங்களுக்குக் கோவமே வராதா?"

பவுலின் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

"மூணு மாசமா தூங்கலைங்க," என்றாள். "எறக்குங்க."

அவர் காற்றை இறக்கினார். பிறகு, இருப்புக்கொள்ளாமல் நடந்தார். கால்கள் அவரை இளம்பரிதியின் கூடாரத்துக்குக் கொண்டுபோயின.

அங்கே யாரும் அவரைக் கவனிக்கவில்லை. எல்லோரும் காரின் மறுபக்கம் இருந்தார்கள். பெட்ரோல் போதுமா என்று காட்டும், புகைக்குழாயில் இருந்த சென்சார் காலையிலேயே செத்துவிட்டது என்று ஒரு மெக்கானிக் யாரிடமோ போனில் புலம்பிக்கொண்டிருந்தான். கழற்றிப்போட்ட ஸ்பார்க் ப்ளக் ஒன்று தரையில் கிடந்தது.

நஞ்சுண்டன் அதை எடுத்துப் பார்த்தார்.

நன்றாக ஓடும் எஞ்சினின் ப்ளக் முனை டீ நிறத்தில் இருக்கும். இது சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. வெளுப்பின் மேல் பொடிப்பொடியாக வெள்ளிப் புள்ளிகள். பிஸ்டனின் அலுமினியம் உருகித் தெறித்த புள்ளிகள்.

பெட்ரோல் போதாமல் எஞ்சின் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறது.

அவர் ப்ளக்கைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

அரையிறுதிக்கு அந்தக் கார் வந்தபோது கம்பி வேலி ஓரமாகப் போய் நின்றார். பாக்கெட்டுக்குள் கை ப்ளக்கைப் பிடித்திருந்தது. வெடி, வெடி என்று வாய் முணுமுணுத்தது.

வெடிக்கவில்லை. கார் ஜெயித்துவிட்டுத் திரும்பி வந்தது.

அடுத்த அரையிறுதியில் பவுலினின் கார் ஜெயித்தது. அவள் தம்பி டோமினிக்தான் ஓட்டுநர். ஆறு வருடத்தில் முதல் முறையாக இறுதிப் போட்டி. எதிரில் இளம்பரிதியின் கார்.

அப்போதுதான் நஞ்சுண்டன் பவுலினிடம் வந்து ப்ளக்கை நீட்டினார். சிரித்துக்கொண்டே நீட்டினார்.

"யாரோடது?"

"பரிதியோடது. நம்ம இன்ஜெக்டர் பழசு, கேக்கறதுக்கு மேல பெட்ரோல் ஊத்தும். அதனால நீங்க மேப்ல குறைச்சுக் கேட்டிருக்கீங்க. அவன் கார்ல எல்லாம் புதுசு. கேட்டதை மட்டும்தான் ஊத்தும். நம்ம வண்டியோட நோய்க்கு எழுதின மருந்தை அவன் எடுத்துக் குடிச்சிட்டான்."

பவுலின் ப்ளக்கை வெயிலில் பிடித்துத் திருப்பினாள்.

"எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கற டர்போவை இதுவரைக்கும் அவன் அடக்கித்தான் வச்சிருந்தான்," என்றார் நஞ்சுண்டன். "ஃபைனல்ல முழுசா ஏத்துவான். இருநூறு மீட்டர் தாண்டாது. பிஸ்டன் ஓட்டையாயிரும்."

"ஓட்டையானா எஞ்சின் ஆயில் எங்க போகும்?"

"கீழ."

"கீழ என்ன இருக்கு?"

"டயர்."

"அப்ப வண்டி என்ன வேகத்துல போகும்?"

"நூத்தித் தொண்ணூறு இருக்கும். அவன் அப்படித்தான் பாடம் படிக்கணும் மேடம்."

"வண்டிக்குள்ள உக்காந்திருக்கறது அவனாங்க?"

மூன்று வருடத்தில் அவள் கத்தி அவர் கேட்டதில்லை. இப்போது பக்கத்துக் கூடாரக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் ப்ளக்கோடு நடந்தாள். நஞ்சுண்டன் பின்னால் ஓடினார்.

இளம்பரிதி லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். பவுலின் ப்ளக்கை அவன் நெஞ்சில் விட்டெறிந்தாள்.

"ப்ளக் படிக்கத் தெரியாதாடா உனக்கு? இதைத்தானேடா முதல் வருஷமே சொல்லிக் குடுத்தேன்!"

"அக்கா, இது பழைய ப்ளக். மாத்தியாச்சு."

"ப்ளக்கை மாத்தினா பிஸ்டன் மாறிருமா? மேல்வேகத்துல பெட்ரோல் எட்டு சதவீதம் கூட்டு. டர்போ பூஸ்ட்டை ஏத்தாதே."

இளம்பரிதி ப்ளக்கைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பின்னால் நின்ற சென்னியப்பனைப் பார்த்தான்.

"எட்டு கூட்டினா வண்டி மந்தமாயிரும்க்கா. ஃபைனல்ல எதிர்ல நிக்கறது உங்க வண்டி. நீங்களே வந்து சொல்றதை நான் எப்படி நம்பறது?"

"நான் உனக்குப் பொய் சொல்லிக் குடுத்திருக்கேனா?"

"அப்ப நான் உங்ககிட்ட இருந்தேன்."

சென்னியப்பன் முன்னால் வந்தார். "அம்மணி, தோக்கறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் இப்படித்தான் பதறும். போய் உங்க வண்டியைப் பாருங்."

காரின் அந்தப் பக்கம் ஓட்டுநர் ஷாமிலா கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். இருபத்துநாலு வயதுப் பெண். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் எல்லோர் முகத்தையும் பார்த்தாள்.

பவுலின் அவளை ஒரு முறை பார்த்தாள். பிறகு திரும்பி, நேராகப் போட்டி நடத்துகிறவரின் மேசைக்குப் போனாள்.

"எங்க வண்டி ஃபைனல் ஓடலைங்க."

"என்ன ரிப்பேர்?"

"ரிப்பேர் எதுவும் இல்லை. ஓடலை. எழுதிக்குங்க."

எதிரே வண்டி இல்லாவிட்டால், மற்ற வண்டி தொடக்கக் கோட்டைத் தாண்டினாலே வெற்றி. நடக்கிற வேகம் போதும். அது எல்லோருக்கும் தெரிந்த விதி.

டோமினிக் ஹெல்மெட்டைத் தரையில் அடித்தான். "ஆறு வருஷம்க்கா! ஆறு வருஷம்! உங்கிட்டத் திருடினவனுக்குக் கப்பையும் கையில குடுக்கறியா?"

அவள் குனிந்து ஹெல்மெட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

செய்தி இளம்பரிதிக்குப் போனது. முதலில் அவன் நம்பவில்லை. மேசைக்கு வந்து தாளைப் பார்த்தான். தந்திரம் செய்ய வந்தவள் இறுதிப் போட்டியை விட்டுக்கொடுப்பாளா? ஓடிப்போய் நான்கு ப்ளக்கையும் கழற்றினான். மூன்றாவதின் முனையைக் காணோம். உருகிப் போயிருந்தது.

ஷாமிலாவிடம் போய், நடக்கிற வேகத்துக்கு மேல் போக வேண்டாம் என்றான்.

கூட்டம் ஊளையிட, ஷாமிலா காரை மாட்டுவண்டி வேகத்தில் கோட்டைத் தாண்டவிட்டு எஞ்சினை அணைத்தாள். சென்னியப்பன் கோப்பையை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார். இளம்பரிதி மேடைக்கு வரவில்லை. பவுலினின் கூடாரத்துக்கும் வரவில்லை.

நஞ்சுண்டனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நீங்க சொன்னீங்க. அவன் கேக்கலை. அதோட உங்க பொறுப்பு முடிஞ்சுது. நம்ம வண்டியை எதுக்கு நிறுத்தினீங்க?"

பவுலின் காரை டிரக்கில் ஏற்றக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டக் கேக்காதீங்க."

"வேற யார்கிட்டக் கேக்கறது?"

"அந்தப் பொண்ணுகிட்டப் போய்க் கேளுங்க."

"அவகிட்ட என்னங்க கேக்கறதுக்கு இருக்கு?"

"இதைத்தான். எங்கிட்டக் கேட்ட மாதிரியே, இதே கோவத்தோட போய்க் கேளுங்க."

விடுவிடுவென்று போனார். கேட்டே தீருவது என்றுதான் போனார்.

ஷாமிலா காரின் நிழலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துவைத்திருந்தாள். சாப்பிடவில்லை. ஸ்பூனால் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"சார், அந்த ப்ளக்கை எடுத்தது நீங்கதான்னு டோமினிக் அண்ணா சொன்னாரு."

"ஆமா."

"ரொம்ப தேங்க்ஸ் சார். நீங்க மட்டும் பாக்காம இருந்திருந்தா..."

"உக்காரும்மா. முதல்ல சாப்பிடு," என்றார் நஞ்சுண்டன்.

"அம்மா ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க. இன்னும் சொல்லலை," என்றாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக அவரை உற்றுப் பார்த்தாள். "செமிஃபைனல் முடிச்சுத் திரும்பி வந்தப்ப வேலி ஓரமா நின்னது நீங்கதானே? நான் கை காட்டினேன். நீங்களும் திருப்பிக் காட்டினீங்க."

"ஆமா."

"ப்ளக்கை அதுக்கு அப்புறம் எடுத்தீங்களா சார்?"

அவர் திரும்பிப் பார்த்தார். தூரத்தில் பவுலின் இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"முன்னாடிம்மா," என்றார் நஞ்சுண்டன்.