கொடுத்த சக்கரம்

மலைப் பந்தயத்தின் ஆறாம் நாள். விடாத மழை. பாதி ஏற்றத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜெபராஜ் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மைல்கல்லின் மேல் உட்கார்ந்தான். மற்றவர்கள் எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். பின்னால் ஒரே ஒரு வேன், பந்தயத்தை விட்டவர்களை அள்ளிப் போக. வீரர்கள் அதற்குப் பிணவண்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். நல்ல வார்த்தை வாயில் வராத கூட்டம்.

அணியின் கார் வந்து நின்றது. பயிற்சியாளர் சுல்தான் மாஸ்டர் இறங்கினார். ஜெபராஜைவிட வயதில் சின்னவர்.

“முதுகுல இருக்கற நம்பரக் கழட்டி விடுங்க மாஸ்டர். வேன்ல ஏறப் போறேன்.”

“கால் வலியா?”

“கால் என்னிக்கு வலிக்கல?”

ஜெபராஜ் முகத்தில் வழிந்த மழைநீரைத் துடைத்தான்.

“வினோபா ஜெயிக்கணும்னுதானே வந்தேன். அவனுக்குத் தண்ணி சுமந்தேன். எதிர்காத்து படாம முன்னால போய் மறைச்சேன். நேத்து அவன் டயர் வெடிச்சதும் என் முன்சக்கரத்தக் கழட்டிக் கொடுத்துட்டு, உங்க கார் வர்ற வரைக்கும் ரோட்டோரம் நின்னேன். அதுலதான் கடைசி ஆளானேன்.”

அணியில் அதுதான் வழக்கம். தலைவன் வினோபாவின் சக்கரம் போனால் துணைக்கு வந்தவன் தன்னுடையதைக் கொடுத்துவிட வேண்டும்.

“இன்னிக்கு இறக்கத்துல அவன் விழுந்து கெடந்தான். தாண்டித்தான் வந்தேன். ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டாங்க. எல்லாம் வீணாப் போச்சு. இனி யாருக்காக மாஸ்டர் நான் ஏறணும்?”

கேட்கும்போதே அழுதுவிட்டான்.

காரின் கூரையில் வினோபாவின் சைக்கிள் கட்டியிருந்தது. மாஸ்டர் அதன் முன்சக்கரத்தைக் கழற்றினார். விளிம்பில் சேறும் கொஞ்சம் ரத்தமும். சுற்றிப் பார்த்தார். கோணவில்லை. ஜெபராஜின் சைக்கிளில் இருந்த மாற்றுச் சக்கரத்தை எடுத்துவிட்டு அதை மாட்டினார்.

வேன்காரர் ஹாரன் அடித்தார்.

“மேல போய்ச் சேர்றதுக்குள்ள இன்னிக்குக் கெடு முடிஞ்சிருமில்ல?” என்றான் ஜெபராஜ்.

“முடிஞ்சிரும்.”

“நாளைக்கு ஓட்ட விட மாட்டாங்க.”

“மாட்டாங்க.”

“அப்புறம் இது எதுக்கு?”

மாஸ்டர் கையைப் பேன்டில் துடைத்துக்கொண்டார்.

“நேத்து நீ கொடுத்த சக்கரம் உன்கிட்டயே வந்தாச்சு. வேன்ல ஏறணும்னா ஏறு, நம்பர நானே கழட்டி விடறேன். ஆனா வினோபாவால நின்னேன்னு சொல்லாத. இனி நின்னா, நீதான் நிக்கற.”