சீனியம்மா சுமந்த ஊரு

ஒரு ஊர்ல ஒரு அண்ணன், ஒரு தங்கச்சி. காலத் தூக்கி எம்மேல போடாத தேனு, கத வேணுமா வேணாமா? ம். அண்ணன் பேரு காத்தமுத்து, தங்கச்சி பேரு சீனியம்மா. அண்ணனுக்கு இழுப்பு நோவு. லொக்கு லொக்குன்னு இருமுவான், நெஞ்சு கொய்ங் கொய்ங்னு கத்தும். ஆளு எலும்பும் தோலுந்தான். வேல வெட்டிக்கு ஆகாதவன ஊர்ல யாரு கேப்பா? ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. சீனியம்மாதான் களையெடுத்து, நெல்லுக் குத்தி, அவனுக்குக் கஞ்சி ஊத்தினா. அவளுக்கு அவன விட்டா யாருமில்ல.

அப்போ ஒரு கார்த்திகை மாசம் அடமழ புடிச்சுது. சோன்னு பேஞ்சு ஏரிக்கர உடைஞ்சு மடமடமடன்னு தண்ணி வந்து, ஊரே போச்சு. ஜனங்க எல்லாம் மேட்டுக் கோயில்ல கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்ததால உசுரு தப்பிச்சாங்க. வீடு போச்சு, வயலு போச்சு, செத்தவங்கள புதைச்ச இடுகாடும் சேந்து போச்சு. வயல்ல மண்ணு போயி வெறும் சரளைக்கல்லு கிடந்துச்சு. இனிமே வேற ஊரு பாத்தாகணும். ம் கொட்டு.

ம். அந்த ஜனங்களுக்கு ஒரு வழக்கம் இருந்துச்சு, நல்லாக் கேட்டுக்க. பழைய ஊரு அழிஞ்சு போனா, எந்த மண்ணுல மொத உசுரு போகுதோ அந்த மண்ணுதான் புது ஊரு. செத்தவன தனியா விட்டுட்டுப் போகக் கூடாது. அதே மாதிரி, ஒரு சாவு விழுகாத மண்ணுல கூரை போடக் கூடாது, ஏரு பூட்டக் கூடாது. அவங்க பாட்டன் பூட்டன் வச்ச வழக்கம், மீற மாட்டாங்க.

அப்புறம் சட்டி பானை, ஆடு கோழி, புள்ள குட்டி எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுக் கிளம்பினாங்க. காத்தமுத்துவ சீனியம்மா முதுகுல தூக்கிக்கிட்டா. யாரும் ஒரு கை குடுக்கல. நடந்தாங்க, நடந்தாங்க, ஒரு முள்ளுக்காடு வந்துச்சு. எங்க பாத்தாலும் உடமுள்ளு, காலு வச்சா சுருக் சுருக். அங்க வந்ததும் காத்தமுத்துவுக்கு மூச்சு முட்டி, கண்ணு செருகிருச்சு.

அப்பத்தான் நாட்டாமை வெள்ளையப்பனுக்குப் பொறி தட்டுச்சு. இவன் இங்க செத்துட்டா நாம எல்லாம் இந்த முள்ளுக்குள்ளல்ல கிடக்கணும்னு. ஓடியாந்தாரு. "ஏய், ஆட்டுப்பால் கொண்டாங்க. தேன் இருந்தா கொண்டாங்க. தம்பி காத்தமுத்து, மூச்ச விட்றாதப்பா." ஒருத்தி வெந்நி வச்சா, ஒருத்தி நெஞ்சு தேச்சா. அன்னைக்கு வரைக்கும் அவன நாயா மதிச்ச ஜனம், தொட்டில் கட்டி நாலு ஆளா அவனத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு முள்ளுக்காட்டத் தாண்டுச்சு. காத்தமுத்துவுக்கு ஒரே ஆச்சரியம். "சீனி, நம்ம ஜனம் நல்ல ஜனம்டி"ன்னான். பாவி மகன்.

அப்புறம் பங்குனி வெயில்ல ஒரு உப்புத்தர வந்துச்சு. புல்லு பூண்டு கிடையாது, வெள்ளையாப் பூத்துக் கிடக்கும், தண்ணி வாயில வைக்க முடியாது. அங்கயும் அவனுக்கு இழுத்துச்சு. அங்கயும் பாலு, தேனு, கோழிமுட்ட. நாட்டாமை பொண்டாட்டி பொன்னாத்தா தன் சேலையவே அவனுக்கு நெழலாப் புடிச்சுக்கிட்டு நடந்தா. தாண்டிட்டாங்க. சீனியம்மாவுக்கு எல்லாம் புரிஞ்சுதான் இருந்துச்சு. புரிஞ்சா என்ன, அண்ணன் பொழைக்கிறான்ல, அது போதும்னு பேசாம வந்தா. தூங்கிட்டியா?

ம்.

அப்புறம் புரட்டாசி பொறந்துச்சு. அப்போ ஒரு ஆத்தங்கரைக்கு வந்தாங்க. கருகருன்னு கரிசல் மண்ணு, கையில அள்ளுனா வெண்ணெயாட்டம் இருக்கு. ஆத்துல சலசலன்னு தண்ணி, மீனு துள்ளுது. இதுதாண்டா நம்ம ஊருன்னு எல்லாரும் மூட்டைய எறக்கினாங்க. எறக்கிட்டு, எல்லாருமாத் திரும்பிக் காத்தமுத்துவப் பாத்தாங்க.

அவன் என்னமோ அத்தன மாசம் பாலும் முட்டையும் தின்னு முகத்துல ஒரு தெளிச்சியோட இருந்தான். மருதமரத்துல சாஞ்சு உக்காந்து, "எனக்கு ஒரு மீனு சுட்டுத் தாங்களேன், ஆசையா இருக்கு"ன்னு கேட்டான். ஜனங்க முகமெல்லாம் சுண்டிப் போச்சு.

அன்னைக்கே ஆட்டுப்பால் நின்னுச்சு. கேட்டா, ஆடு கறக்கலையாம். மறுநாள் முட்டையும் நின்னுச்சு, கோழி அடைக்கு உக்காந்துருச்சாம். மீனு மட்டும் கிடைச்சுது, அவங்கவங்க அடுப்புல. சீனியம்மா ஆத்துல எறங்கி முந்தானைய விரிச்சுப் பாத்தா, அவளுக்கு எங்க மீன் புடிக்கத் தெரியும்? காட்டுக்கீரைய அவிச்சுக் குடுத்தா. மேல மேகம் கம்முன்னு கூடுது. இப்ப விதைக்கலன்னா ஒரு வருசம் பட்டினி. ஒப்பாரி பாடுற கிழவி ஒருத்தி ஒதுக்குப்புறமா உக்காந்து தொண்டையச் செருமிப் பாத்துக்கிட்டா.

நாட்டாமை வந்தாரு. "தாயி, பாவம் எத்தன நாளைக்கு அவன் இழுத்துக்கிட்டுக் கிடப்பான்? அவனுக்கும் நிம்மதி வேணாமா?"

"பால் குடுங்க மாமா. நிம்மதியா இருப்பான்."

"நாங்க அவன ஒண்ணும் செய்யல தாயி. சும்மாதான உக்காந்திருக்கோம்."

ஆமா, சும்மாதான் உக்காந்திருந்தாங்க. அதத்தான் சீனியம்மாவால தாங்க முடியல. அண்ணன் முகம் ஒடுங்கி, நெஞ்சு மறுபடி கொய்ங் கொய்ங்னு கத்த ஆரம்பிச்சுருச்சு. ஆத்துக்கு அக்கரையில, பாறைக்காட்டுக்கு அங்கிட்டு ஆடு மேய்க்கிறவங்க இருக்காங்கன்னு அவ கேள்விப்பட்டிருந்தா. அவங்க கிட்டப் போனா பால் கிடைக்கும். பட்டப்பகல்ல எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கையில அண்ணன முதுகுல ஏத்திக்கிட்டா.

"எங்க கொண்டு போற? போற எடத்துல அவன் போயிட்டான்னா நாங்க எல்லாம் அங்கல்ல வரணும்?"ன்னாரு நாட்டாமை.

"அப்ப பால் குடுங்க."

ஒருத்தரும் அசையல. இழுபறியில உசுரு போச்சுன்னா பழி நம்ம மேல விழும்னு ஒருத்தரும் மறிக்கவும் இல்ல. அவ தளக் தளக்னு ஆத்துல எறங்கி அக்கரை ஏறி நடந்தா. அண்ணன் கனமே இல்ல. அவளுக்கு அழுகையா வந்துச்சு.

பாறைக்காடு வந்துச்சு. வெறும் கல்லு, ஒரு மரம் கிடையாது. பாதி தூரம் போகையில அவன், "சீனி, அந்த ஆத்துமீனு ஒண்ணு தின்னிருக்கலாம்டி"ன்னான். "திங்கலாம்ணே, சுட்டுத் தாரேன்"னா. "உப்பு தூக்கலாப் போடு"ன்னான். அப்புறம் அந்தக் கொய்ங் சத்தம் நின்னு போச்சு. அவ பேரு சொல்லிக் கூப்பிட்டா. எறக்கி மடியில போட்டு உலுக்கினா. போயிட்டான்.

அப்போ அவளுக்கு ஒரு கோவம் வந்துச்சு பாரு. வாங்கடா எல்லாரும், இதுதாண்டா உங்க ஊரு, கல்ல உழுதுக்கங்கடான்னு கத்தணும்போல இருந்துச்சு. ஒரு சத்தம் போட்டாப் போதும், அத்தன பேரும் வந்தாகணும். வாயத் தொறந்துட்டா. தொறந்த வாயி அப்படியே நின்னுச்சு. பெரியவங்க சாகட்டும், புள்ளைங்க எதத் திங்கும்? அந்தக் கூட்டத்துல பாதிப் புள்ளைங்கள இடுப்புல வச்சு முள்ளுக்காட்டத் தாண்டுனவ அவதான். வழியெல்லாம் காத்தமுத்துகிட்டக் கத கேக்க வந்து குந்துன புள்ளைங்க.

அவ முந்தானையால அண்ணனத் தன் முதுகோட சேத்துக் கட்டினா. உடம்பு சில்லுனு ஆகுறதுக்குள்ள விறுவிறுன்னு திரும்பி நடந்தா. ஆத்தங்கரைக்கு வந்ததும் பேச ஆரம்பிச்சா. "காலை மடக்கிக்கண்ணே, தண்ணி படும். தலையச் சாச்சுக்கண்ணே, வெயிலடிக்குது." எல்லாரும் எந்திரிச்சு நின்னு பாத்தாங்க. அவ அத்தன பேருக்கும் நடுவுல அவன் கூடப் பேசிக்கிட்டே வந்தா. அழக் கூடாது பாரு, அழுதா தெரிஞ்சு போகும்.

"என்ன தாயி, திரும்பிட்ட?"

"அண்ணனுக்கு மீனு வேணுமாம்."

மருதமரத்தடியில படுக்க வச்சுத் தலைய மடியில வச்சுக்கிட்டா. ஒருத்தரும் கிட்ட வரல, வெக்கம். அப்புறம் பொன்னாத்தா ஒரு மீனு சுட்டு எலையில கொண்டாந்து வச்சுட்டுத் தலைய குனிஞ்சுக்கிட்டா. அத காலையில குடுத்திருந்தா என்ன கேடு? சீனியம்மா முள்ளெடுத்து, உப்பு தூக்கலாப் போட்டு, அவன் வாயில வச்சா. கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம், "அண்ணன் போயிட்டான்"னு சொல்லிட்டு அழுதா. அதுவரைக்கும் அடக்கி வச்சது எல்லாத்தையும் அழுதா.

அங்கயே குழி வெட்டிப் புதைச்சாங்க. ஜனங்களும் நெசமாத்தான் அழுதாங்க, பொய் சொல்லக் கூடாது. ஆனா அழுது முடிக்குறதுக்குள்ள அந்தப் பக்கம் ஏரு பூட்டுற சத்தம் கேட்டுச்சு. சாயங்காலம் மழ கொட்டுச்சு. கூரை போட்டாங்க, வெதைச்சாங்க. காத்தமுத்தூர்னு ஊருக்குப் பேரு வச்சு, அவனுக்கு ஒரு கல்லு நட்டு மாலை போட்டாங்க. உனக்கும் எனக்கும் மாலை வேணாம், பால் போதும். என்ன? ம்.

மொத அறுப்பு முடிஞ்சதும் சீனியம்மா ஒரு பானையத் தூக்கிக்கிட்டு ஆத்துல எறங்கினா. நாட்டாமை பின்னாலயே ஓடியாந்தாரு. "அந்தப் பாறையில என்னத்தா இருக்கு? உங்கண்ணன் இங்கல்ல படுத்திருக்கான். செத்தவன விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு நம்ம வழக்கம் இருக்குல்ல?"

"இருக்கு மாமா. அதான் போறேன்"னா.

அவருக்கு ஒண்ணும் புரியல. துக்கத்துல பேசுதுன்னு நெனச்சுக்கிட்டாரு. அவ அக்கரை ஏறிக் கல்லு மேல நடந்து போனா, திரும்பவே இல்ல.

என்ன? கடைசி வரைக்கும் அவங்களுக்குத் தெரியாதான்னா கேக்குற? தெரியாது கண்ணு. அவன் உசுரு போன மண்ணு அந்தப் பாறைதான்னு அவளுக்குத் தெரியும், இப்ப உனக்கும் எனக்கும் தெரியும். கத அந்தப் பாறையோட நின்னுருச்சு, நீ கண்ண மூடு.