உயர வண்டியும் தாழ்வான வண்டியும்

தூத்துக்குடியில் மரியபுஷ்பம் என்றொரு தையல்காரி இருந்தாள். காதில் வந்த நோய்க்குப் பிறகு நடந்தாலே தள்ளாடுவாள். தைத்த துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க, பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர சைக்கிள் வாங்கப் போனாள்.

கடை முதலாளி சிங்கராயர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"தரையில போட்டிருக்கிற இந்தக் கோட்டு மேல நேரா நடந்து காட்டு. அப்பத்தான் வண்டி தருவேன்."

"நேரா நடக்க முடிஞ்சா நான் எதுக்கு அண்ணாச்சி இங்க வாறேன்?"

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். முதலாளிக்கு முகம் சுருங்கியது. வெகுநாளாய் விற்காமல் நின்ற உயரமான வண்டியைக் காட்டி, "அப்ப இதை எடுத்துக்கோ. இதுதான் கம்பீரம்" என்றார்.

"நீங்க நின்ன இடத்துல கிறுகிறுன்னு சுத்திட்டு அதுல ஏறிக் காட்டுங்க. அதையே வாங்கிக்கிடுதேன்."

எல்லாரும் பார்க்கிறார்களே என்று அவர் வீம்பாகச் சுற்றினார். நின்றதும் கடையே சுழன்றது. உயர வண்டியில் ஏறக் காலைத் தூக்கினார், முடியவில்லை. தடுமாறிப்போய்ப் பக்கத்திலிருந்த தாழ்வான வண்டியின் அகலச் சீட்டில் பொத்தென்று உட்கார்ந்து, கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். வண்டி ஆடவே இல்லை.

"இறங்குங்க அண்ணாச்சி," என்றாள் மரியபுஷ்பம். "நீங்க தேர்ந்தெடுத்ததையே நான் எடுத்துக்கிடுதேன்."