தோணி வீட்டில் யார் யார்

வீடியோ கேம்களுக்கென்று தமிழில் ஒரு ரசிகர் இணையதளம் நடந்துவந்தது. அங்கே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பக்கம். ஒரே குடும்பத்து ஆட்டங்கள் சேர்ந்து குடியிருக்க ஒரு வீடு; அந்த வீட்டைத் தொடர் என்பார்கள். எந்த வீட்டிலும் சேராதவற்றுக்கு 'இதர' என்று ஒரு கொட்டகை. அந்தக் கொட்டகைப் பக்கம் யார் எட்டிப் பார்ப்பார்கள், நீங்களே சொல்லுங்கள்.

தளத்தை நடத்தியவள் ஜெசிந்தா. தூத்துக்குடியில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை, ஏழாவது நாள் தளத்து வேலை. அந்த ஏழாவது நாளுக்குச் சம்பளம் கிடையாது, ரசிகர்களின் திட்டு மட்டும் தவறாமல் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தளம் புது சர்வருக்குக் குடிபோக வேண்டியிருந்தது. புது இடம் கொஞ்சம் சிறியது. அதனால் வீடுகளில் இருப்பவர்கள் மட்டும் போவார்கள், கொட்டகையில் இருப்பவர்கள் பழைய சர்வரோடு அழிந்துபோவார்கள். ஜெசிந்தா இதைப் போன மாதமே அறிவித்திருந்தாள்.

மூன்று மணி இருக்கும். கொட்டகையிலிருந்து 'நீரோட்டம்' என்ற ஆட்டம் எழுந்துவந்து தோணி வீட்டுக் கதவைத் தட்டியது.

தோணி வீடு என்றால் சும்மா இல்லை. தளத்திலேயே பெரிய வீடு. மூத்த ஆட்டமான 'தோணி'யில் நீங்கள் தூத்துக்குடியில் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு பாய்மரத்தை விரித்துப் போக வேண்டும். எஞ்சின் கிடையாது, காற்றைப் பார்க்கத் தெரிந்தால் பிழைக்கலாம். அதற்கு அடுத்தது 'தோணி இரண்டு'. அப்புறம் நடந்ததுதான் கூத்து. கம்பெனிக்காரர்கள் தோணி என்ற பெயரை மட்டும் வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். ஆட்டத்தை உருவாக்கியவர்கள் அதே கடலையும் அதே பாய்மரத்தையும் வைத்து மூன்றாவது ஆட்டத்தைச் செய்தார்கள். பழைய பெயரை வைக்க உரிமை இல்லாததால் நீரோட்டம் என்று வைத்தார்கள். பெயரை வாங்கியவர்களோ அதை ஒரு சீட்டாட்டத்தின் தலையில் ஒட்டி 'தோணி ரம்மி' என்று விட்டார்கள்.

பட்டியல் போடுகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்வதைத்தான் ஜெசிந்தாவும் செய்திருந்தாள். ஆட்டங்களைப் பெயர் வரிசையில் அடுக்கி, தோணி என்று தொடங்கியதையெல்லாம் ஒரே அள்ளாக அள்ளி அந்த வீட்டுக்குள் போட்டுவிட்டாள். ரம்மி உள்ளே போய்க் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டது. நீரோட்டம் கொட்டகைக்குப் போனது.

கதவைத் திறந்தது மூத்த தோணிதான். "ஏட்டி, யாரு நீ?"

"நான் உங்க தங்கச்சிக்கா. நீரோட்டம்."

"எனக்கு ஒரே தங்கச்சிதான். உள்ள இருக்கா. உன் பேருல எங்க பேரு எங்க இருக்கு?"

"பேர வித்துட்டாங்கக்கா. நான் என்ன செய்ய? ஆறு மணிக்கு என் பக்கத்த அழிச்சிருவாங்க. அதுக்கப்புறம் நான்னு ஒருத்தி இருந்ததே யாருக்கும் தெரியாது."

"ஐயோ பாவம்தான். ஆனா பாவம் பாத்து வர்றவங்கள எல்லாம் சேத்தா, நாளைக்கு வீடு சத்திரமாப் போயிரும்," என்றது தோணி.

உள்ளேயிருந்து ரம்மியின் குரல் வந்தது. "கரெக்டா சொன்னீங்க மேடம். நம்ம வீட்டு மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

நீரோட்டத்துக்கு அழுகை முட்டியது. அதைவிடக் கோபம் அதிகமாக முட்டியது. "கடல்தண்ணி ஒரு சொட்டு தெரியாத சீட்டுக்கட்டு உள்ள இருக்கலாம், நான் இருக்கக்கூடாதா?" என்று அது போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆட்டங்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. ஜெசிந்தாவும் டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"தோணியக்கா, இது கொஞ்சம் சிக்கல்தான்," என்றாள். "எதை வச்சு உறவுன்னு சொல்ல? பேரை வச்சா ரம்மி உள்ள, இவ வெளிய. செஞ்ச ஆட்களை வச்சா, அதே ஆட்கள் ஒரு மாட்டுவண்டி ரேஸும் செஞ்சிருக்காங்க. அதையும் உங்க வீட்டுல விடவா?"

"மாட்டையா?" என்றது தோணி. "வேண்டாம் தாயி."

அந்த நேரம் பார்த்து ஒரு சேவ் ஃபைல் வந்து சேர்ந்தது. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினால் அதுவரை ஆடியதைச் சேமித்து வைக்குமே, அந்தக் கோப்புதான். கீழக்கரையில் நயினார் என்று ஒரு ரசிகர். பல வருஷம் தோணியும் தோணி இரண்டும் ஆடியவர். இந்தச் சண்டையைத் தளத்தில் படித்துவிட்டு, தோணி இரண்டில் தான் கடைசியாகச் சேமித்த கோப்பை அனுப்பியிருந்தார்.

"நான் நயினாரோட ஆள்," என்றது கோப்பு. சின்ன உருவம், நிதானமான பேச்சு. "அவர் ஏத்துன சரக்கு, போன துறை, வாங்குன பாய் எல்லாம் எனக்குள்ள இருக்கு. வெளியாளால என்னைத் திறக்க முடியாது. திறந்து காட்டுறவங்க இந்த வீட்டு ஆள்."

தோணிக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பெயர்கூட இல்லாதவளால் இது ஆகுமா என்ற நினைப்பு. "அப்படியே வச்சுக்குவோம். திறந்தவங்க உள்ள, திறக்காதவங்க வெளிய. யாரா இருந்தாலும் சரி, விலக்கு கிடையாது. எழுதிக்கோ ஜெசிந்தா," என்றது. ஜெசிந்தா எல்லோர் முன்னாலும் விதியை எழுதி ஒட்டினாள்.

முதலில் ரம்மி வந்தது. கோப்பை இப்படியும் அப்படியும் புரட்டியது, தட்டியது, கடைசியில் கலைத்துப் போடப் பார்த்தது. "இதுல ஜோக்கர் எங்க?" என்று கேட்டது. ஜெசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசலைக் காட்டினாள். ரம்மி ஒன்றும் வருத்தப்படவில்லை. சீட்டாட்ட வீட்டில் எப்போதும் இடம் உண்டு, நேராக அங்கே போய்விட்டது.

தோணி இரண்டு வந்து தொட்டதும் கோப்பு திறந்தது. அது தன் கோப்பு, திறக்காமல் என்ன.

அடுத்து நீரோட்டம். தொட்டதும் கடல் விரிந்தது, நயினாரின் தோணி அலைமேல் வந்து நின்றது. பாய், சரக்கு, பாதி கடந்திருந்த பயணம் எல்லாம் அப்படியே இருந்தன. முன்பக்கத்து அணியத்தில் 'ஆமினா' என்று தோணியின் பெயர் எழுதியிருந்தது. வாசலில் நின்ற ஆட்டங்கள் கைதட்டின. தோணிக்கு முகம் சுருங்கியது, ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான் என்று தலையை ஆட்டியது.

"நீங்களும் ஒரு தடவை தொட்டுருங்கக்கா. விலக்கு கிடையாதுன்னு நீங்கதான் சொன்னீங்க," என்றது கோப்பு.

"எனக்கெதுக்குட்டி பரீட்சை?" என்று சிரித்துக்கொண்டே தோணி தொட்டது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டது. திரையில் ஒரு வரி மட்டும் வந்தது: 'இந்தக் கோப்பு பின்னால் வந்த ஆட்டத்தில் சேமிக்கப்பட்டது. இங்கே திறக்க இயலாது.'

முன்னால் வந்த ஆட்டம் பின்னால் வந்ததன் கோப்பை எப்படிப் படிக்கும்? இந்த யோசனை யாருக்கும் வரவில்லை, ஜெசிந்தாவுக்கும்தான்.

மணி ஐந்தேகால். சுவரில் விதி ஒட்டியிருந்தது. திறக்காதவங்க வெளிய.

தோணி யாரிடமும் கெஞ்சவில்லை. கொட்டகைப் பக்கம் திரும்பி ஒரு அடி எடுத்துவைத்தது. அதைப் பார்த்துத் தோணி இரண்டு வாய்விட்டு அழுதது.

"கொஞ்சம் பொறுங்க," என்றது நீரோட்டம். அது நேராகக் கோப்பிடம் போனது. "இந்தத் தோணிக்கு ஆமினான்னு எந்த இடத்துல பேர் வச்சாங்க? எங்கிட்ட பேர் வைக்கிற திரையே கிடையாது. வரும்போதே பேரோடதான் வந்துச்சு."

"எங்கிட்டயும் கிடையாது," என்றது தோணி இரண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்கும் பேரோடதான் வந்துச்சு."

எல்லோரும் மூத்த தோணியைப் பார்த்தார்கள். அது திரும்பாமலே மெல்லிய குரலில் சொன்னது. "என்னோட முதல் திரையில ஒரு கேள்வி வரும். 'உங்கள் தோணிக்கு என்ன பெயர்?' நயினார் மக பிறந்த அன்னைக்கு என்னை ஆட ஆரம்பிச்சார். அந்தப் பிள்ளை பேரைத்தான் வச்சார். என்னை ஆடி முடிச்சதும் அந்தப் பேரோடதான் என் கோப்பு தங்கச்சிகிட்ட போச்சு."

"திறக்குறவங்க மட்டும் உறவு இல்லை ஜெசிந்தாக்கா. திறக்க ஏதாவது இருக்கணும்னு முதல்ல குடுத்தவங்களும் உறவுதான்," என்றது நீரோட்டம்.

ஜெசிந்தா சுவரில் இருந்த விதியைக் கிழித்தாள். 'ஒன்று கொடுக்க, அடுத்தது வாங்கி நடத்தினால் அவை ஒரே தொடர்' என்று புதிதாக எழுதினாள். இன்றைக்கும் அந்தத் தளத்தில் அதுதான் விதி. அதை மாற்றச் சொல்லித் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அவள் மாற்றுவதாக இல்லை.

ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மூன்றும் சேர்ந்து வீட்டுப் படி ஏறின. தோணி நடுப்படியில் நின்றுவிட்டது.

"ஏட்டி, ஒண்ணு கேக்கேன். உன்னைய நான் வாசல்லயே வச்சுத் துரத்துனேன். அந்த விதி அப்படியே இருந்திருந்தா இந்த வீடு உனக்கும் தங்கச்சிக்கும் மட்டும்தான். எதுக்கு என்னைக் கூப்புட்ட?"

"உங்களக் கொட்டகையில விட்டுட்டு நான் உள்ள வந்தா," என்றது நீரோட்டம், "அது யாரு வீடுக்கா?"